ஐந்து பத்து பஸ்ஸும் கடைசி கார்டும்

பிளானிங் கூட்டம் நடத்துவது எப்படி என்று உங்களிடம் பேசச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். எத்தனை நிமிடம், யார் முதலில் பேசுவது, எந்த வேலைக்கு எந்த நிறத்துக் கார்டு, எல்லாம் உங்கள் அறைச் சுவரிலேயே பெரிதாக ஒட்டியிருக்கிறது. வந்ததும் வராததுமாக அதைத்தான் படித்தேன். தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அதில் பஸ் இல்லை. ஒரகடத்தில் வேலை செய்கிறவர்களுக்காக எழுதிய காகிதத்தில் கம்பெனி பஸ்ஸைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்றால், எழுதியவர் சொந்தக் காரில் வந்து போகிறவர் என்று அர்த்தம்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. எதைப் பார்த்தாலும் ஏன் என்று கேட்டே ஆகவேண்டும். கத்தரிக்காய் ஒரு கூடையில் மட்டும் ஏன் ஈரமாக இருக்கிறது என்று காய்கறிக்காரரிடம் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவள் நான். வீட்டுக்காரர் என்னோடு கடைக்கு வருவதையே விட்டுவிட்டார். அப்படிப்பட்டவள் மூன்று வருஷமாக என் மூக்குக்குக் கீழே நடந்த ஒன்றை ஏன் என்று கேட்கவே இல்லை. அதனால் ஒரு பெண்ணின் வேலை போனது. இன்றைக்கு அதைத்தான் சொல்லப்போகிறேன்.

எங்கள் தொழிற்சாலையில் கார் கதவுக்குள் போகும் வயர் செட் செய்தோம். இடது கதவுக்கு ஒன்று, வலது கதவுக்கு ஒன்று. பார்ப்பதற்கு இரண்டும் ஒரே அச்சு. ஒரு சின்ன கிளிப் மட்டும் திரும்பியிருக்கும். பேக்கிங் மேஜையில் இருக்கிறவர் செட்டில் உள்ள பார்கோடை ஸ்கேன் செய்யவேண்டும், அப்புறம் பெட்டியில் உள்ள பார்கோடை ஸ்கேன் செய்யவேண்டும். இரண்டும் பொருந்தினால் பச்சை விளக்கு, பொருந்தாவிட்டால் சிவப்பு விளக்கோடு ஒரு கூப்பாடு. எந்த விளக்கு எரிய வேண்டும் என்று முடிவு செய்கிற சாஃப்ட்வேரை எழுதியது நாங்கள். கேன்டீனுக்கு மேல் மாடியில் ஏழு பேர். நான் அவர்களுக்குத் தலைவி.

ஸ்பிரிண்ட் என்றால் எங்களுக்கு இரண்டு வாரம். அந்த இரண்டு வாரத்தில் எதை முடிப்போம் என்று உட்கார்ந்து, கார்டு கார்டாக எடுத்துப் பேசி, ஒப்புக்கொள்வதற்குத்தான் பிளானிங். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், வியாழக்கிழமை மூன்று மணிக்கு வைத்திருந்தோம். மதிய ஷிஃப்ட் மாறி, புரொடக்‌ஷன் சூப்பர்வைசர் முருகேசன் சாருக்கு அப்போதுதான் கை ஒழியும். ஜெனரல் ஷிஃப்ட் பஸ் ஐந்து பத்துக்குக் கிளம்பும். ஐந்து பத்து என்றால் ஐந்து பத்துதான், எங்கள் டிரைவர்கள் வீட்டு விசேஷத்துக்குக்கூட அவ்வளவு சரியாகப் போயிருக்கமாட்டார்கள்.

படப்பைக்குப் போகிற அந்தப் பஸ்தான் எனக்கும். விட்டால் கேட் வரைக்கும் நடந்து, ஷேர் ஆட்டோவில் பதினோராவது ஆளாக ஒட்டிக்கொண்டு போகவேண்டும். அதனால் நாலே முக்காலுக்கெல்லாம் அறையில் ஒரு சத்தம் கேட்க ஆரம்பிக்கும். பை ஜிப் மூடுகிற சத்தம். ஒன்று, இரண்டு, அப்புறம் வரிசையாக. அந்தச் சத்தம் கேட்டால் எனக்குப் பெருமையாக இருக்கும். நம் கூட்டம் சொன்ன நேரத்தில் முடிகிறது பார் என்று நினைத்துக்கொள்வேன்.

அப்படி ஒரு வியாழக்கிழமை. கார்டுகள் பெரியவர்களின் விருப்பப்படி அடுக்கப்பட்டிருந்தன. முதல் கார்டு பிளான்ட் ஹெட் கேட்டது. டைரக்டர்கள் வருகிறார்கள், வாசலில் ஒரு பெரிய திரை வைத்து அன்றைய உற்பத்தியைக் காட்டவேண்டும். அதற்கே ஒரு மணி நேரம் போனது, எந்த நீலம் நல்ல நீலம் என்று. கடைசிக் கார்டு முருகேசன் சாருடையது. அதை எடுத்தபோது மணி நாலு ஐம்பது.

"மேடம், நம்ம பேக்கிங்ல கலைவாணின்னு ஒரு கான்ட்ராக்ட் பொண்ணு. அது டேபிள்லருந்து ரெண்டு பொட்டி மாறிப் போயிருச்சு. இடது லேபிள் ஒட்டின பொட்டிக்குள்ள வலது செட்டு. கஸ்டமர் கத்துறான். அந்தப் பொண்ணு, பச்ச எரிஞ்சிச்சு சார், எரிஞ்சதாலதான் போட்டேன்னு சத்தியம் பண்ணுது. மேனேஜருங்க, ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம்னு சிரிக்கிறாங்க. எனக்கின்னாவோ அது பொய் சொல்ற பொண்ணாத் தெரியல. நீங்க கொஞ்சம் பாருங்க."

பெட்டி போட்ட நேரம், ஆள் நம்பர் எல்லாம் அச்சடித்த ஒரு தாளை மேஜையில் வைத்தார்.

எங்கள் டீமில் கெட்டிக்காரன் தினேஷ். திருநெல்வேலிப் பக்கம். கை வேகம், வாய் அதைவிட வேகம். "எத்தனை நாள்ப்பா ஆகும்?" என்றேன்.

"ரெண்டு நாளு போதும் மேடம். லாக்கப் பாத்தா தெரிஞ்சிரும். நான் பாத்துக்கிடுதேன்."

எதிரே உட்கார்ந்திருந்த ஜெனிஃபர் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள்தான் எங்கள் எழுத்தைச் சோதித்துப் பார்க்கிற டெஸ்டர். வாயைத் திறந்தாள். ஒரு ஜிப் சத்தம் கேட்டது. வாயை மூடிக்கொண்டாள். அதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் கேட்டேன்:

"எல்லாருக்கும் ஓகேவா?"

"ஓகே மேடம்."

பஸ்ஸில் எனக்கு ஜன்னல் ஓர சீட்டே கிடைத்தது.

தினேஷ் சொன்னபடி இரண்டு நாள் லாக்கைப் பார்த்தான். லாக் என்பது எந்தெந்த நேரத்தில் என்ன நடந்தது என்று கம்ப்யூட்டர் தானே எழுதி வைக்கிற குறிப்பு. அந்த இரண்டு பெட்டிகளுக்கும் 'பொருந்தியது, பச்சை' என்றுதான் அதில் இருந்தது. கார்டில் 'சாஃப்ட்வேரில் கோளாறு இல்லை' என்று எழுதி, பலகையில் 'முடிந்தது' பகுதிக்கு நகர்த்திவிட்டான். அந்த ஸ்பிரிண்டில் முதலில் முடிந்த கார்டு அது. டீமுக்கு நான் சமோசா வாங்கிக்கொடுத்தேன். அந்தச் சமோசாவை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு கரிக்கிறது.

அந்த ஒரு வரி கீழே போய் என்ன ஆனது என்று நாங்கள் யோசிக்கவில்லை. மேனேஜர்கள் அதை எடுத்து வைத்துக்கொண்டார்கள். சாஃப்ட்வேர் சரியாக இருக்கிறது என்றால், சரியான செட்டை ஸ்கேன் செய்துவிட்டு வேறு செட்டைப் பெட்டிக்குள் வைத்திருக்கிறாள், கவனம் இல்லை, அவ்வளவுதான். அடுத்த வெள்ளிக்கிழமை மூன்றாவது பெட்டி மாறிப்போனது. அதே மேஜை, அதே பெண். சனிக்கிழமையோடு நின்றுகொள் என்று சொல்லிவிட்டார்கள்.

எனக்கு இது எதுவும் தெரியாது. சனிக்கிழமை எங்களுக்கு அரை நாள், பஸ் ஒன்று பத்துக்கு. பாதிப் படி இறங்கியதும் டிபன் பாக்ஸை மேஜையிலேயே வைத்துவிட்டது ஞாபகம் வந்து, மறுபடி மாடி ஏறினேன். திரும்பி வருவதற்குள் பஸ் போயே போய்விட்டது. டிரைவரைத் திட்டிக்கொண்டே கேட்டுக்கு நடந்தேன். அங்கே செக்யூரிட்டி ஜன்னலில் ஒரு பெண் அடையாள அட்டை, ஏப்ரன், சேஃப்டி ஷூ மூன்றையும் ஒப்படைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தாள். இருபத்தேழு, இருபத்தெட்டு வயது இருக்கும். ஷூவைக் கொடுத்துவிட்டதால் காலில் வெறும் சாக்ஸ்.

"செருப்பு எங்கம்மா?" என்றேன். பழக்க தோஷம்.

"லாக்கர்ல மாட்டிகிச்சு மேடம். சாவி முன்னாடியே குடுத்துட்டேன். எடுத்துகினு வர ஆளு போயிருக்காரு." என் அட்டையைப் பார்த்தாள். "நீங்கதானா மாடியில கம்ப்யூட்டர் மேடம்?"

அவள்தான் கலைவாணி. ஊர் பக்கத்தில் பென்னலூர். சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். போடவில்லை. சந்தேகம் கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

"மேடம், எனக்கு ஒண்ணு புரியல. பச்ச எரிஞ்சிச்சுன்னு நான் சொல்லிகினு கீறேன். உங்க கம்ப்யூட்டரும் பச்சன்னுதான் சொல்லிச்சாம். ரெண்டு பேரும் ஒண்ணுதான சொல்றோம்? அப்புறம் எப்டி அது மட்டும் நெஜம், நான் மட்டும் பொய்?"

இத்தனை வருஷம் ஏன் ஏன் என்று ஊரைக் குடைந்தவள் நான். இந்த ஏன் என் டீமில் ஒருவருக்கும் தோன்றவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

"உங்க ஆளு ஒரு நாளு கீழ வந்து பாத்திருந்தா நல்லாருந்திருக்கும்" என்றாள். "போனா போவுது மேடம், வேற கம்பெனி பாக்கலாம்னா, கான்ட்ராக்டருங்க எல்லாம் ஒரே வாட்ஸ்அப் குரூப்பு. கவனமில்லாத பொண்ணுன்னு பேரு போட்டுட்டா இந்த ரோட்டுல ஒரு கேட்டும் தொறக்காது. ஸ்ரீபெரும்புதூர்லருந்து ஒரகடம் வரிக்கும் நான் வேடிக்க பாத்துகினே போவ வேண்டியதுதான்."

செருப்பு வந்தது. போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் என் பழைய நோட்டுகளை எடுத்தேன். கூட்டத்தில் ஒவ்வொரு கார்டையும் எடுக்கும்போது பக்கத்தில் மணி குறித்து வைப்பது என் வழக்கம். எதற்கென்று எனக்கே தெரியாது, சும்மா ஒரு பழக்கம். மூன்று வருஷத்தில் சொதப்பிய கார்டுகளை எல்லாம் சிவப்புப் பேனாவால் சுழித்துக்கொண்டே வந்தேன். கடினமான வேலைகள்தான் சொதப்பியிருக்கும் என்று எதிர்பார்த்தேன். அப்படி இல்லை. பெரிய வேலைகள் நன்றாகவே முடிந்திருந்தன. சிவப்புச் சுழி விழுந்ததில் ஒன்றிரண்டு தவிர மற்றதெல்லாம் நாலே முக்காலுக்கு மேல் எடுத்தவை. அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை போகாது என்பார்கள். நாங்கள் மூன்று வருஷமாக ஐந்து பத்து பஸ்ஸுக்காகத் தலையாட்டியிருக்கிறோம், அதற்கு ஒப்புதல் என்று பெயர் வைத்திருக்கிறோம்.

திங்கட்கிழமை காலை ஜெனிஃபரைத் தனியாக உட்காரவைத்தேன்.

"அன்னிக்கு அந்தத் தாளைப் பார்த்துட்டு என்னவோ சொல்ல வாயைத் தொறந்த. அப்புறம் மூடிட்ட. என்ன சொல்ல வந்த?"

"இப்ப இன்னாத்துக்கு மேடம் அது..."

"சொல்லும்மா."

"அந்த ரெண்டு பொட்டியும் பத்து மணி டீ முடிஞ்ச ஒடனே போட்டது மேடம். ஒரு நாளு பத்து பன்னெண்டு, இன்னொரு நாளு பத்து பதிமூணு. டீ டைம்ல இன்னா ஆவுதுன்னு பாக்கலாமான்னு கேக்க வந்தேன்."

"ஏன் கேக்கலை?"

"கேட்டா இன்னும் அர அவர் ஓடும் மேடம். எல்லாரும் என்னியே மொறச்சிகினு ஒக்காந்திருப்பாங்க. நீங்களும் கடியாரத்த பாத்துகினு இருந்தீங்க."

விடை அந்த அறைக்குள்ளேயே இருந்திருக்கிறது. நாலு ஐம்பதுக்கு வாய் வரைக்கும் வந்து திரும்பிப் போயிருக்கிறது. கோபப்படலாம் என்றால் யார் மேல் படுவது? கடிகாரத்தைப் பார்த்தது நான்தானே.

மூன்றாவது பெட்டியின் நேரத்தைக் கேட்டேன். பத்து பதினொன்று.

முருகேசன் சாரிடம் போனேன். "மேடம், என் கையில ஒண்ணும் இல்ல" என்றார். "காரணம் இன்னதுன்னு புதன்கிழம கஸ்டமருக்கு எழுதணும். ஆபரேட்டர் தப்பு, ஆள மாத்திட்டோம்னு டைப் பண்ணி வச்சிருக்காங்க. அது போறதுக்குள்ள நீங்க வேற காரணம் காட்டினா நான் மல்லுக்கட்டுவேன். போயிருச்சுன்னா அந்தப் பொண்ணு பேரு எழுத்துல ஏறிரும், அப்புறம் ஆண்டவனாலயும் அழிக்க முடியாது."

செவ்வாய்க்கிழமை ஒரு நாள்தான் பாக்கி. அன்றைக்குத்தான் பிளான்ட் ஹெட்டின் பெரிய திரையும் முடிந்தாக வேண்டும். இரண்டையும் தினேஷ்தான் பார்க்கவேண்டும். இந்த இடத்தில் நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று நான் கேட்கமாட்டேன், ஏனென்றால் நான் செய்தது ஒன்றும் வீரமில்லை. டைரக்டர்கள் வந்து நின்றபின் திரை இருட்டாக இருப்பதைவிட முன்கூட்டியே சொல்லிவிடுவது மேல் என்று பிளான்ட் ஹெட்டின் அறைக்குள் போனேன்.

"ஒத்துக்கிட்ட வேலையைப் பாதியில மாத்தக் கூடாதுங்கிறதுதானே உங்க ஸ்பிரிண்ட்? நீங்கதானே எனக்குப் பாடம் எடுத்தீங்க?" என்றார்.

"ஆமா சார். ஆனா ஒரு வேலையைப் புரிஞ்சுக்காமலே ஒத்துக்கிட்டோம். அதை முடிஞ்சதுன்னு வேற எழுதிட்டோம். அதுக்கு ஒருத்தி வேலை போயிருக்கு."

"டைரக்டர்களுக்கு யார் பதில் சொல்றது?"

"நான் சொல்றேன் சார்."

அவர் கையை மட்டும் அசைத்தார். போ என்றா, தொலை என்றா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் போ என்றே வைத்துக்கொண்டேன்.

செவ்வாய் காலை ஒன்பதரைக்கு, எங்கள் வரலாற்றிலேயே முதல் தடவையாக, பிளானிங் கூட்டம் பேக்கிங் மேஜையைச் சுற்றி நின்றபடி நடந்தது. கலைவாணியை வரச்சொல்லியிருந்தேன். இரண்டு வருஷம் அட்டையைத் தேய்த்து உள்ளே வந்தவள், அன்றைக்கு விசிட்டர் சீட்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்தாள். பக்கத்து மேஜைப் பெண்கள் தலையைத் தூக்காமல் பார்த்தார்கள்.

"நீ எப்படிச் செய்வியோ அப்படியே செய்ம்மா. எங்களுக்காக எதையும் மாத்தாதே" என்றேன்.

செய்தாள். இடது செட், இடது பெட்டி, பச்சை. நானே வேண்டுமென்று நடுவில் ஒரு வலது செட்டை எடுத்து நீட்டினேன். சிவப்பு, கூப்பாடு. மறுபடி நீட்டினேன். மறுபடி சிவப்பு. தினேஷ் என் காதருகே, "வெளக்கு ஒழுங்காத்தானே எரியுது மேடம்" என்றான். முருகேசன் சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஜெனிஃபர் மட்டும், "டீ பெல்லு அடிக்கட்டும் சார்" என்றாள்.

பத்து மணிக்குப் பெல் அடித்தது.

இப்போது நான் பார்த்ததைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். பெல் அடித்ததும் பக்கத்து மேஜைகளில் எல்லோருக்கும் கை வேகமெடுத்தது. கையில் இருந்த செட்டைப் பெட்டிக்குள் போட்டு, ஸ்கேன் செய்து, மூடிவிட்டுத்தான் டீக்கு ஓடினார்கள். கலைவாணி அப்போதுதான் ஒரு செட்டை ஸ்கேன் செய்திருந்தாள். பெட்டியை இன்னும் செய்யவில்லை. பெல் அடித்ததும் செட்டைத் திரும்ப டிராலியில் வைத்துவிட்டுக் கையை எடுத்துவிட்டாள்.

"ஏம்மா முடிக்காம விட்டுட்ட?"

"பெல்லு அடிச்சிச்சே மேடம்." சுவரைக் காட்டினாள். 'பெல் அடித்தால் கையை எடு' என்று மஞ்சள் பெயின்டில் ஆள் உயரத்துக்கு எழுதியிருந்தது. "சேந்த புதுசுல ஒரு தபா பெல்லுக்கு அப்புறம் கை வச்சதுக்கு மெமோ குடுத்தாங்க. அத்தோட நான் வக்கிறதே இல்ல."

அந்த வரிசையிலேயே சட்டத்தை மதித்தவள் அவள் ஒருத்திதான்.

டீக்குப் போனோம். அந்த இடைவேளையில்தான் வழக்கமாக டிராலி மாறும். முருகேசன் சாரிடம் சொல்லிவைத்திருந்தேன், இடது செட் டிராலியை எடுத்துவிட்டு வலது செட் டிராலியை வைத்துவிட்டார்கள். மேஜைமேல் அந்த இடது பெட்டி மட்டும் திறந்தபடி இருந்தது. பத்து நிமிடத்தில் கலைவாணி வந்தாள். கொஞ்ச நேரம் தொடாமல் விட்டதால் மேஜைக் கம்ப்யூட்டரின் திரை தானே பூட்டிக்கொண்டிருந்தது. அவளிடம் அட்டை இல்லாததால் முருகேசன் சார் தன் அட்டையைக் கொடுத்தார், தேய்த்துத் திறந்தாள். டிராலியிலிருந்து ஒரு செட்டை எடுத்து ஸ்கேன் செய்தாள். கையிலிருந்த ஸ்கேனர் கீச்சென்றது. பெட்டியை ஸ்கேன் செய்தாள்.

பச்சை.

அவள் கையில் இருந்தது வலது செட். பெட்டி இடது. எல்லோரும் விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றோம். கலைவாணி மட்டும் விளக்கைப் பார்க்கவில்லை. எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

காரணம் இவ்வளவுதான். டீக்கு முன்னால் ஸ்கேன் செய்த இடது செட்டை எங்கள் சாஃப்ட்வேர் ஞாபகத்திலேயே வைத்திருந்தது. திரும்பி வந்து திறந்ததும் அடித்த முதல் ஸ்கேனைச் சத்தமில்லாமல் விழுங்கிவிட்டு, பழைய செட்டையும் பெட்டியையும் பொருத்திப் பார்த்துப் பச்சை காட்டியது. லாக்கிலும் அதையே எழுதியது. மற்றவர்கள் பெல்லை மீறிப் பெட்டியை முடித்துவிட்டுப் போனதால் அவர்களுக்கு இது நடக்கவே இல்லை, அவளுக்கும் ஒரு செட் பாதியில் நின்ற நாளில்தான் நடந்தது. அவள் பாதியில் கையை எடுத்ததற்குத் தண்டனை வாங்கினாள். நாங்கள் பஸ்ஸுக்காகக் கார்டை அவசரமாக மூடிவிட்டு சமோசா தின்றோம்.

தினேஷின் முகம் சுண்டிப்போயிருந்தது. "மேடம், கோளாறு இல்லன்னு எழுதினது நான்தான். அக்கா, என்ன மன்னிச்சிருங்க" என்றான். கலைவாணி கையிலிருந்த வலது செட்டை டிராலியில் ஒழுங்காக வைத்தாள்.

"சரிசெய்ய எத்தனை நாள்ப்பா ஆகும்?" என்று கேட்டேன்.

"தெரியல மேடம். இத தொட்டா வேற எங்க இடிக்கும்னு பாக்கணும். மத்தியானத்துக்குள்ள பாத்துட்டுச் சொல்லுதேன்."

அவனோடு நாலு வருஷம் வேலை செய்தேன். அவன் கொடுத்ததிலேயே நான் முழுசாக நம்பிய கணக்கு அந்தத் 'தெரியல'தான்.

டைரக்டர்களுக்குப் பெரிய திரை கிடைக்கவில்லை. வெள்ளைப் பலகையில் மார்க்கரால் எழுதிக் காட்டினேன், அவர்கள் பாட்டுக்குப் பார்த்துவிட்டுச் சாப்பிடப் போனார்கள். புதன்கிழமை கஸ்டமருக்குப் போன கடிதத்தில் கலைவாணியின் பெயர் இல்லை, எங்கள் சாஃப்ட்வேரின் பெயர் இருந்தது. முருகேசன் சார் சொன்னபடியே கான்ட்ராக்டரிடம் மல்லுக்கட்டினார். அடுத்த திங்கட்கிழமை அவள் தன் அட்டையைத் தேய்த்து உள்ளே வந்தாள்.

அதற்கப்புறம் எங்கள் பிளானிங் காலை ஒன்பதரைக்கு மாறியது. நேரத்தை மாற்றினால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள், காலையில் டீ பெல் இருக்கிறது. எது நமக்குக் கொஞ்சமும் விளங்கவில்லையோ அந்தக் கார்டை முதலில் எடுத்தோம், நீல நிறமெல்லாம் கடைசிக்குப் போனது. எத்தனை நாள் ஆகும் என்பதற்கு முன்னால், இதில் உனக்கு என்ன தெரியாது என்று ஒவ்வொருவரிடமும் கேட்டேன். முதல் இரண்டு தடவை எல்லோரும் திருதிருவென்று விழித்தார்கள், அப்புறம் பழகிவிட்டது. 'எல்லாருக்கும் ஓகேவா' என்ற வாக்கியத்தை நான் அதோடு விட்டுவிட்டேன். அதற்கு இல்லை என்று சொல்ல ஒருவருக்கும் நாக்கு வராது. தரையிலிருந்து ஒருவர் கட்டாயம் கூட்டத்துக்கு வரவேண்டும் என்று வைத்தோம். முக்கால்வாசி நேரம் கலைவாணிதான் வந்தாள். அவள் கேட்கிற கேள்விக்குப் பயந்தே தினேஷ் முந்தின நாள் ஒழுங்காகப் படித்துவிட்டு வருவான்.

நான் ஓய்வுபெற்ற அன்றைக்கு, பழக்கம் விடுமா, விழாவை நாலு மணிக்கு வைத்துவிட்டார்கள். ஆளாளுக்குப் பேசினார்கள். நான் எழுந்து பதில் சொல்லி முடிக்கும்போது மணி ஐந்து ஏழு. ஒரு ஜிப் சத்தம் கேட்டது. எனக்கே சிரிப்பு வந்து, "சரி, போதும், கிளம்புங்க, பஸ் போயிடும்" என்றேன்.

பின்வரிசையில் கலைவாணி எழுந்து நின்றாள்.

"ஒரே ஒரு கேள்வி மேடம்."

"கேளும்மா."

"அன்னிக்கு சனிக்கெழம, உங்களுக்குப் பஸ்ஸு கெடச்சிருந்தா?"

அவள் குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை. அன்றைக்குக் கேட் ஜன்னலில் கேட்டாளே, அதே மாதிரி, தெரிந்துகொள்வதற்காகத்தான் கேட்டாள். நானும் யோசித்துப் பார்த்தேன். டிபன் பாக்ஸ் ஞாபகம் வராமல் இருந்திருந்தால் நான் பஸ்ஸில் இருந்திருப்பேன். புதன்கிழமை அந்தக் கடிதம் போயிருக்கும். கோளாறு இல்லை என்ற அந்தக் கார்டு இன்னும் 'முடிந்தது' பகுதியிலேயே இருந்திருக்கும். நான் நல்ல கூட்டம் நடத்துகிறவள் என்ற பெயரோடு ஓய்வுபெற்றிருப்பேன். இவளுக்கு எந்தக் கேட் திறந்திருக்கும்?

"தெரியலம்மா" என்றேன்.

கீழே ஐந்து பத்து பஸ் ஹாரன் அடித்துவிட்டுக் கிளம்பிப் போனது. அவளும் உட்காரவில்லை, மற்றவர்களும் எழுந்திருக்கவில்லை.